சுவரிலும் பனியனிலும் அக்கா

என் அக்காவை நான் ஒரு தடவை சாகடித்திருக்கிறேன். 2006 தேர்தல் முடிந்து ஓணம் வந்த சமயத்தில் நடந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, கலை என்று நினைத்துச் செய்தேன். வேண்டுமென்று செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் செய்திருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வெளியூரில் ஓவியப் படிப்பை முடித்து, தாடியும் ஒரு ஜோல்னாப் பையும் மட்டும் சம்பாதித்துக்கொண்டு, இரணியலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். தக்கலையில் பனியனில் படம் அச்சடிக்கும் கடையில் வேலை. பள்ளிக்கூட விளையாட்டு விழா, கிளப் ஆண்டு விழா, சபை வாலிபர் கூட்டம் என்று ஏதாவது வந்துகொண்டிருக்கும். தேர்தல் வந்தால் கட்சிகள். சுவர் எழுதவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், எல்லாக் கட்சிக்காரர்களும்.

கும்பிட்டுக்கொண்டு நிற்கும் உடம்பு ஒன்றை, சுவரில் வைத்து மேலே பெயிண்ட் அடிக்கிற மாதிரி, அட்டையில் வெட்டி வைத்திருந்தேன். எந்தக் கட்சியானாலும் அதே உடம்புதான். தலையும் வேட்டிக்கரையும் மட்டும் மாறும். முந்தின தேர்தலில் ஒரு வேட்பாளர் தன் தொப்பையை நான் குறைத்துப் போட்டதாக நினைத்து என் தோளில் கைபோட்டுப் பாராட்டினார். எதிரே இருந்த சுவரில் அவருடைய ஜென்ம எதிரிக்கும் அதே வயிறுதான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

எங்கள் பக்கம் சுவர் பிடிப்பது என்று ஒன்று உண்டு. தேர்தலுக்குப் பல மாதம் இருக்கும்போதே கட்சிக்காரர்கள் நல்ல சுவராகப் பார்த்து வெள்ளை அடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் வருடத்தையும் எழுதிவிட்டுப் போவார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே நியாயம்தான். அதற்குப் பிறகு வேறு கட்சிக்காரன் அந்தச் சுவரில் தூரிகையை வைத்தால் மண்டை உடையும். வீட்டுக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. சும்மா வெள்ளை அடித்துக் கிடைத்ததே என்று அவரும் பேசாமல் இருந்துவிடுவார். 2006 தேர்தலில் சுவரில் எழுதக் கூடாது என்று கெடுபிடி வந்ததால் பிடித்த சுவரெல்லாம் பிடித்தபடியே நின்றுபோயின. தேர்தல் முடிந்து மாதங்கள் ஆகியும் தக்கலையிலிருந்து எங்கள் ஊர்வரை வெள்ளை வெளேரென்று சுவர்கள், மூலையில் ஒரு கட்சிப் பெயரும் 2006-உம். தினமும் பஸ்சில் போகும்போது பார்த்துப் பார்த்து எனக்குக் கை துறுதுறுவென்று இருந்தது.

படிக்கும்போது கல்லூரி நூலகத்தில் பழைய ரஷ்யப் படப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடந்தது. நான் தவிர யாரும் தொட்டதில்லை. சுத்தியல் பிடித்த ஆண், கதிர்க்கட்டு ஏந்திய பெண், பின்னால் சிவப்புக் கதிர்கள். எல்லோரும் மேலே வலது மூலையில் எதையோ பார்ப்பார்கள். அங்கே என்ன இருந்தது என்று எந்தப் படமும் காட்டாது. முழுப் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவற்றைப் பார்த்தால் தானாக முதுகு நிமிரும். தலைவர்களுக்கும் அரசாங்கங்களுக்கும் மட்டும்தானா இந்தப் பொய், நம் ஊர் ஆள் ஒருவருக்கு இதை வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. தாடி வைத்திருந்தவனுக்குத் தோன்ற வேண்டிய விஷயம்தான்.

ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே ஒரு தொழிலாளி இருந்தாள்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தொன்று. அப்பா இறந்த வருடம், பதினாறு வயதில், அண்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கியவள். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காலையில் போய்த் தரையில் உட்கார்ந்து, வறுத்த கொட்டையை ஒவ்வொன்றாகக் கட்டையால் தட்டி உடைக்க வேண்டும். கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும், கறுத்துப்போகும். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் கறுக்கும். அவளுடைய இரண்டு கையும் மணிக்கட்டுவரை ஒரு ஆளுடையதாகவும் அதற்குமேல் வேறு ஆளுடையதாகவும் இருக்கும். அந்தக் கையால்தான் நான் படித்தேன், தாடியும் வளர்த்தேன்.

அவளை எட்டுப் பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா முந்தின நாளே தேங்காயெண்ணெயும் எலுமிச்சையும் போட்டு அவள் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். கறுப்பு போகாது. கடைசியில் புடவைத் தலைப்பை விரலுக்குமேல் இழுத்துவிட்டுக் காப்பித் தட்டைப் பிடிக்கச் சொல்வாள். வந்தவர்கள் மிக்சரைத் தின்றபடி போதகரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவார்கள். தட்டை எடுக்கும்போது எப்படியும் தலைப்பு விலகும். “சொல்லி விடுகோம்” என்று எழுந்துகொள்வார்கள். அதோடு எங்கள் வீட்டுக்கு வழி மறந்துபோகும்.

ஒன்பதாவதாக ஒரு வரன் வந்திருந்தது. குலசேகரத்துக்காரர், ரப்பர் பால் வெட்டுகிறவர், முப்பத்தாறு வயது. தரகர் அக்காவின் ஸ்டூடியோ போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டியதில் பிடித்துவிட்டது. ஓணம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக நாள் குறித்திருந்தார்கள். அந்தச் சேதி வந்த அன்று அக்கா அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள்.

“இதும் போச்சுன்னா இனி எவனுக்கும் காப்பி எடுத்திட்டு வந்து நிக்கமாட்டேன் கேட்டியா. நான் பாட்டுக்கு அண்டி ஒடச்சிட்டுக் கெடப்பேன்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னால் அப்படித்தான். அம்மாவுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நான் அந்த நேரம் பார்த்துத்தான் பெயிண்டை எடுத்தேன்.

அதே ஸ்டூடியோ போட்டோவின் இன்னொரு பிரதியை வைத்து அட்டை வெட்டினேன். மோவாயைக் கொஞ்சம் தூக்கினேன், கண்ணை வலது மூலைக்குத் திருப்பினேன். முகம் அபாரமாக வந்தது, இன்றைக்கும் சொல்வேன். கை மட்டும் இல்லை. போட்டோ மார்போடு முடிந்துவிட்டது. அவள் வேலைக்குப் போயிருந்தாள், நான் பொறுமைக்குப் பேர்போனவன் அல்ல. ஒரு கட்சிக்கு வெட்டி, அவர்கள் வாங்காமல் விட்ட மடக்கிய கை ஒன்று பரண்மேல் கிடந்தது. நல்ல தடித்த ஆண்பிள்ளைக் கை. எடுத்து அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. கறுப்பு அடித்தேன்.

மழை விட்ட ஒரு ஞாயிறு மத்தியானம், ஆராதனை முடிந்து ஊர் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில், மூன்று சுவரில் ஏற்றினேன். ஒன்று தக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கம், ஒன்று அண்டி ஆபீஸ் போகும் வழி, ஒன்று எங்கள் ஊர் முக்கு. கறுப்பில் முகமும் கையும், பின்னால் சிவப்புக் கதிர்கள். எழுத்து ஒன்றும் போடவில்லை. பெரிய கலைக்கு எழுத்து எதற்கு என்ற திமிர். மூலையில் இருந்த கட்சிப் பெயரின்மேல் வெள்ளை அடித்தேன். 2006 மட்டும் பார்க்க லட்சணமாக இருந்தது, அதை விட்டுவிட்டேன். இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம். எங்கள் ஊரில் தலைவராக இல்லாத ஒரு ஆளின் முகம் கறுப்பில் சுவரேறினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அதுவும் அந்த முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, கீழே வருடமும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தாள். நான் அடிக்குத் தயாராக இருந்தேன். அவள் குடையை மடக்கி மூலையில் வைத்தாள்.

“மூக்கு சரியில்ல” என்றாள். அவ்வளவுதான்.

கூட வேலை பார்க்கும் பெண்கள் “ஏட்டி, எந்தத் தொகுதியிலட்டி நிக்கிய?” என்று நாள் முழுக்கக் கேலி செய்தார்களாம். அதையும் சிரிக்காமல்தான் சொன்னாள். அழிக்கச் சொல்லவில்லை. கோபமில்லை என்றால் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். கேட்காமல் செய்துவிட்டுச் சம்மதத்தைத் தேடுகிறவனுக்கு எது கிடைத்தாலும் சம்மதம்தான்.

தலைக்கேறிவிட்டது. கடையில் தேர்தல் பனியன்கள் மிச்சம் கிடந்தன. மெஷின் துடைக்க எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். கட்சிச் சின்னம் உள்ளே போகும்படி திருப்பி, நெஞ்சில் அக்காவை அச்சடித்தேன். எங்கள் ஊர்க் கிளப்பின் வாலிபால் அணிக்கு ஜெர்சி இல்லாத வருடம் அது. இலவசம் என்றதும் யார் என்ன என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன். உள்ளே ஒரு கட்சி, வெளியே என் அக்கா. இதைவிடப் பெரிய அரசியல் விமர்சனம் இந்த மாவட்டத்தில் நடந்ததில்லை என்று மனதார நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமை குலசேகரத்தில் ஓணத்தையொட்டி வாலிபால் போட்டி. நானும் கூடப் போனேன். எங்கள் ஆட்கள் மைதானத்தில் வரிசையாக இறங்கியதும் கூட்டம் திடீரென்று அமைதியானது. ஆறு நெஞ்சில் ஆறு முகம், ஆறும் வானத்தைப் பார்க்கிறது. மைக் பிடித்திருந்தவர் குரலை இறக்கிக்கொண்டார்.

“ஆட்டம் தொடங்குவதற்கு முன்பாக, மறைந்த சகோதரியின் ஆத்மா சாந்தியடைய அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

எல்லோரும் எழுந்தார்கள். போட்டி நடத்துகிறவர்கள் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் போல என்று எங்கள் அணி நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். யாரோ பாவம் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் அக்காவுக்கு நானே ஒரு நிமிடம் அஞ்சலி செலுத்தியிருக்கிறேன், அதுவும் உண்மையான வருத்தத்தோடு. ஆட்டத்தில் தோற்றோம். எதிரணி கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடியும் தோற்றோம்.

அந்தக் கூட்டத்தில், சட்டைப் பையில் அக்காவின் போட்டோவோடு, மாப்பிள்ளையும் நின்றிருக்கிறார். அவர் முகம் எனக்குத் தெரியாது. அவருக்கு என் அக்காவின் முகம் தெரியும். போட்டோவை எடுத்துப் பனியனோடு ஒத்துப்பார்த்திருக்கிறார். தரகருக்கு ஃபோன் போட்டார், எடுக்கவில்லை. தக்கலைச் சுவரைத் தரகரும் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ஃபோனை அணைத்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் வீட்டில் அப்போது ஃபோன் கிடையாது.

மறுநாள் ஞாயிறு. பார்க்க வர வேண்டிய நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அக்கா கிணற்றடியில் நைட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஊதா ரிப்பன் கட்டிய பெரிய மலர்வளையம்.

“துட்டி வீடு இதுதானே?” என்று கேட்டார்.

“ஆரு செத்தா?” என்று அக்கா நிமிர்ந்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வளையம் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது.

“நீங்க... அவங்களுக்கு அனுசத்தியா, தங்கச்சியா?”

“ஆருக்கு?”

சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா மலர்வளையத்தைப் பார்த்ததுதான் தாமதம், யார் என்ன என்று கேட்காமல் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எங்கள் ஊரில் முதலில் அழுகை, விசாரணை பிறகு. அந்த நேரத்தில் நான் அதே பனியனைப் போட்டுக்கொண்டு, என்ன விஷயம் என்று கொட்டாவி விட்டபடி வாசலுக்கு வந்தேன். மூன்று பேரும் என் நெஞ்சையே பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்தார். பிறகு நடந்ததை விரிவாக எழுத விருப்பமில்லை. அம்மா வாரியலை எடுத்தாள். இருபத்தைந்து வயதில் விளக்குமாற்றால் அடி வாங்குகிற கலைஞனுக்கு வலியைவிட, ஓட முடியாமல் நிற்பதுதான் கஷ்டம்.

அடித்துக் களைத்தபிறகு அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்பதாவதும் போய்விட்டது என்று அதில் எழுதியிருந்தது. எண்ணெய் தேய்க்க நேரமில்லை, புடவை மாற்ற நேரமில்லை. அக்கா கையைக் கழுவிவிட்டு அந்த நைட்டியோடேயே காப்பி கொண்டுவந்தாள். இழுத்துவிடத் தலைப்பும் இல்லை. கறுத்த இரண்டு கையும் தட்டில் வெட்டவெளிச்சமாக இருந்தன. சிரிப்பும் கேலியுமாகத் திரிந்தவன் முதல்முறையாக, நம்மால் இவள் வாழ்க்கை போய்விட்டதே என்று பயந்தேன்.

அக்கா தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றாள்.

“செத்தாச்சுன்னு தெரிஞ்சுமா வந்திய?”

அவர் போட்டோவைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒரு வாரமா ஒங்க போட்டோ எனக்க பைலதான் கெடந்து. பால் வெட்டப் போவும்பளும் கெடந்து. இப்பிடி ஒண்ணு கேட்டிட்டு, எனக்கென்னன்னு சும்ம இருந்தா செரியில்லல்லா. அம்மைய ஒண்ணு கண்டிட்டுப் போலாம்னு வந்தேன்.”

உயிரோடு இருந்தவளைப் பார்க்க வந்த எட்டுப் பேரும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். செத்துப்போனவளைப் பார்க்க ஒரு ஆள் பஸ் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறார். அக்கா இரண்டு கையையும் அவருக்கு முன்னால் நீட்டினாள். ஒரு தடவை உள்ளங்கை, ஒரு தடவை புறங்கை.

“எனக்க கை இதாக்கும். இப்பமே பாத்துக்கிடுங்க.”

“சொவருல பாத்தாச்சு” என்றார் அவர். “பஸ்சு எறங்குன ஒடனே பாத்தேன். மூஞ்சவிட கையத்தான் நெறைய நேரம் பாத்திட்டு நின்னேன். நல்ல கை. அதைக் கண்டப்பொறவுதான் ரொம்ப சங்கடமாப் போச்சு.” சொல்லிவிட்டு, ரப்பர் பாலும் ஆசிடும் பட்டு வெடித்த தன் கையைக் காட்டினார். அவ்வளவு தூரம் தள்ளி நின்ற எனக்கே ஒட்டுப்பால் நாற்றம் வந்தது.

அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் உள்ளே போய்ப் பனியனைக் கழற்றினேன்.

வெளியே கிடந்த மலர்வளையத்தை அடுத்த வீட்டு ஆடு தின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு அவர் வீட்டார் முறைப்படி வந்தார்கள், நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தச் சாலை வழியாகத்தான் கல்யாணத்துக்கு வர வேண்டும். பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று இருக்கும் சுவர்களைத் தாண்டி அவர்கள் எப்படி வருவார்கள், மூன்றையும் அழித்துவிட்டு வீட்டுக்குள் வா என்றாள் அம்மா. ஒரு வாளி வெள்ளையோடு கிளம்பினேன். தக்கலைச் சுவரை முடித்தேன். ஊர் முக்கில் முடித்தேன். அண்டி ஆபீஸ் வழியில் இருந்த சுவருக்கு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. முகத்தை அடித்து முடித்திருந்தேன். கை மட்டும் மிச்சம் நின்றது.

வேலை விட்டு வந்த அக்கா பின்னால் வந்து நின்றாள். கூட வந்த பெண்களைப் போகச் சொல்லிவிட்டாள்.

“லேய், இது ஆருக்க கை?” என்றாள்.

உழைப்பு, வர்க்கம், குறியீடு என்று எனக்கு நிறைய வார்த்தைகள் தெரியும். கூட்டாளிகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அவளிடம் ஒன்றும் எடுபடவில்லை.

“கட்சிக்காரனுக்கு வெட்டி வச்சது. மிச்சம் கெடந்து. எடுத்து ஒட்டிட்டேன்.”

“தெரியும். மொத நாளே தெரியும்.” வலது கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள். பெருவிரல் நுனி கட்டையடி பட்டுப் பக்கவாட்டில் வளைந்திருந்தது. நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது. ஆள்காட்டி விரலில் ரேகையே இல்லை, வழவழவென்று இருந்தது. அந்த விரல் அப்படி வளைந்திருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“பொறவு ஏங்க்கா சொல்லல்ல?”

“என்னன்னு சொல்ல? அப்பா செத்ததுலேருந்து இந்தக் கைதான் ஒனக்குச் சோறு போட்டுது. நீ ஒருநாளும் பாத்ததில்லன்னு நானே எப்பிடிலே சொல்லுவேன்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாளியைக் கிளறுவதுபோலக் குனிந்துகொண்டேன். அவள் என் தலையில் லேசாகத் தட்டினாள். மெதுவாகத்தான் தட்டினாள், ஆனால் அந்தக் கைக்கு மெதுவாகத் தட்டத் தெரியாது.

“அழாதலே. வேகம் அடி, மழை வருகு.” இரண்டு எட்டு வைத்தவள் நின்று திரும்பினாள். “அவியகிட்ட மட்டும் சொல்லிராத மக்கா. அவிய பாத்தது எனக்க கையாவே இருக்கட்டும்.”